கம்பி எடுத்த ஜன்னல்

பழைய கட்டடத்தைக் கலை அறக்கட்டளை அலுவலகமாக மாற்றிய பெருமையில் செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஜன்னல் கம்பியை எல்லாம் அறுத்துட்டுக் கண்ணாடி போட்டோம். கலைக்கு வெளிச்சம் வேணுமில்ல?" என்றபடியே, எதிரில் இருந்த நாடகக்காரரின் பிரதியில் சிவப்பு மையால் கோடு இழுத்தார்.

"மந்திரி காட்சி வேணாம். போலீஸைக் கிண்டல் பண்றது வேணாம். இந்தப் பாட்டும்... எதுக்கு வம்பு?"

"அப்புறம் மிச்சம் என்ன சார்?"

"திரை இருக்கே! ஆமா, இதை எப்போ எழுதினீங்க?"

"இருபது வருஷம் முன்னாடி. இதே அறையில உட்கார்ந்துதான்."

"இங்கேயா? அப்போ இது ஜெயிலாச்சே!"

"ஆமா, நான் கைதி. ஜெயிலர்தான் காகிதம் கொடுத்தார். படிச்சுட்டு வயிறு வலிக்கச் சிரிச்சார். முற்றத்துல மேடை போட்டு நடிக்கவும் விட்டார். ஒரு வரி வெட்டலை."

நாடகக்காரர் கண்ணாடி ஜன்னலைப் பார்த்தார்.

"அந்தக் கம்பியைத் திரும்ப மாட்டிடுங்களேன் சார்."