யாரிடம் கற்றாய்?

பகடையை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். போடவில்லை.

சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

தணிகைவேல் வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஞாயிறு மதியம். நான்கு பேரும் ஒரே அலுவலகம். வாரம் முழுக்கக் கணினியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள், இந்த ஒரு நாள் மட்டும் வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் ஒரு கற்பனை நாட்டில் திரிவார்கள். கதையை நடத்துவது தணிகைவேல். பிழைப்பதா சாவதா என்று சொல்வது பகடை. கதைக்குள்ளும் அவரவருக்கு அவரவர் சொந்தப் பெயர்தான். அது இந்த மேசையின் வழக்கம்.

இப்போது கதையில் ஒரு காட்டாறு. அவளுடைய வில்லாளி நீந்தி அக்கரைக்குப் போய்விட்டாள். அவனுடைய வீரன் இக்கரையில் நிற்கிறான். முதுகுக்குப் பின்னால் எதிரிகள். நீச்சல் திறமையில் ஒரு படி ஏறாமல் ஆற்றில் இறங்கினால் பிழைப்பது கஷ்டம்.

ஏறலாம். ஆனால் அதற்குத் தணிகைவேல் ஒரு விதி வைத்திருந்தான். எந்த ஆட்டப் புத்தகத்திலும் இல்லாத விதி. யாரிடம் கற்றாய் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லப்பட்டவர் ஆமாம் என்று தலையசைக்க வேண்டும். நானாகவே கற்றேன் என்றால் செல்லாது.

அவனுடைய வீரனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது அவளுடைய வில்லாளிதான். போன வாரம், இதே மேசையில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால்.

அலுவலகத்திலும் அதே கதைதான். வந்த புதிதில் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தவனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். பதவி உயர்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று, எல்லாம் நானாகவே கற்றுக்கொண்டது என்றான். கூசவே இல்லை. கடைசியில் சபைக்குப் பொதுவாக ஒரு கும்பிடு. இன்றைக்கு அவளுக்கே மேலதிகாரி.

அந்தப் பாவி வாயால் தன் பெயரைக் கேட்க வேண்டும். ஆட்டத்திலாவது. அவள் வந்ததே அதற்குத்தான்.

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றான் தணிகைவேல்.

அவன் உள்ளங்கையில் பகடை இன்னொரு சுற்று உருண்டது.

வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"பெனிட்டாகிட்ட."

பெனிட்டாவின் மந்திரவாதி இந்தக் கதையில் தண்ணீரில் கால் நனைத்ததுகூடக் கிடையாது.

அவள் பெனிட்டாவைப் பார்த்தாள். பெனிட்டா தன் நகத்தைப் பார்த்தாள். பெனிட்டாவுக்கும் அவன்தான் மேலதிகாரி. வயிற்றுப்பாடு.

பெனிட்டா தலையசைத்தாள்.

தணிகைவேல் என்னவோ சொல்ல வந்தான். விழுங்கிக்கொண்டான். அவனும் நாளைக்கு அதே அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

"சரி. ஒரு படி ஏத்திக்கங்க."

அடப்பாவிகளா. மூன்று பேரும் சேர்ந்தா?

அவளுக்குக் காதோரம் கொதித்தது. எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. போகவில்லை.

பகடை உருண்டது. நின்றது.

தணிகைவேல் எண்ணைப் பார்த்தான். "நீந்தி வந்துட்டீங்க. ஆனா கரை செங்குத்தா இருக்கு, வழுக்குது. கை குடுத்துத் தூக்க ஆள் வேணும். இல்லேன்னா ஆறு இழுத்துட்டுப் போயிரும்."

அக்கரையில் இருப்பது ஒரே ஒருத்தி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இப்போது அவனும் பார்த்தான்.

"நீங்க என்ன பண்றீங்க?" என்று அவளிடம் கேட்டான் தணிகைவேல்.

அவள் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கரையிலதான் நிக்கறேன். கூப்பிடச் சொல்லுங்க. பேர் சொல்லி."

பெனிட்டா நகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தணிகைவேல் மெதுவாக அவன் பக்கம் திரும்பினான். "தண்ணி கழுத்துக்கு வந்துருச்சுங்க."

அவளுக்கு ஒன்றும் அவசரமில்லை.