கடைசி ஆணியில் தொங்குவது

காட்டு ஏரிக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறவர்களைப் படகில் ஏற்றிச் சுற்றிக்காட்டுவது என் வேலை. விடுமுறை தொடங்குமுன் லைஃப் ஜாக்கெட்டுகளை எல்லாம் சரிபார்ப்பேன். கடைசி ஆணியில் தொங்குவதை மட்டும் யாருக்கும் கொடுக்கமாட்டேன். ஏழு வயதில், அதைப் போடமாட்டேன் என்று அடம்பிடித்த அன்று ஏரியில் மூழ்கிப்போன எங்கள் மகளுடையது.

பட்டையை அவள் அளவுக்குத்தான் இறுக்கி வைத்திருந்தேன். வருடா வருடம் அது இரண்டு விரல் அளவு தளர்ந்திருக்கும். உட்புறம் ஈரமாக இருக்கும். நான் திரும்ப இறுக்குவதில்லை.

இந்த வருடம் பட்டை முழுதும் தளர்ந்து, தையலும் விட்டிருந்தது. டிக்கெட் கொடுக்கும் மனைவியிடம் காட்டினேன். அவள் வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தாள். பெரியவர்களுடையதில் சிறியதாக ஒன்றை எடுத்து ஆணியில் மாட்டப்போனேன்.

"அது வேணாங்க," என்றாள். "கொஞ்சம் பெருசாவே மாட்டுங்க. வளர்ற பொண்ணு."