தங்கப்பழம் எடுத்த வேலை

குழுவாக வேலை செய்பவர்கள் தங்கள் வேலைகளை அட்டைகளாகப் போட்டு, ‘நடக்கிறது’, ‘முடிந்தது’ என்று கட்டம் மாற்றிக்கொள்ளும் இணையப் பலகை ஒன்றைச் சுகிர்தாவும் எபினேசரும் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். சோதித்துப் பார்க்க மூன்றாவதாக ஓர் ஆள் தேவைப்பட்டதால், எபினேசர் தங்கப்பழம் என்று இல்லாத ஒருவனைச் சேர்த்தான். அட்டைகளில் வாய்க்கு வந்ததை எழுதி அவன் பேரில் போட்டார்கள். ‘ஜன்னலைச் சாத்து.’ ‘டீ கிளாஸைக் கழுவி வை.’ அவள் தினமும் சீக்கிரம் கிளம்பிவிடுகிற எரிச்சலில் எபினேசர் இன்னொன்றும் எழுதினான்: ‘சுகிர்தாவை வீட்டுக்கு விடாதே.’

சாப்பிட்டுவிட்டு வந்தபோது முதல் இரண்டு அட்டைகளும் ‘முடிந்தது’ கட்டத்தில் இருந்தன.

“நீயா நகர்த்துன?” என்றான் எபினேசர்.

“நான் உன்கூடத்தானே சாப்பிட்டேன்?”

சுகிர்தா திரும்பினாள். ஜன்னல் சாத்தியிருந்தது. மேசையில் கவிழ்த்து வைத்த கிளாஸ்களிலிருந்து இன்னும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது அட்டை மெல்ல நகர்ந்து ‘நடக்கிறது’ கட்டத்தில் போய் நின்றது.

“அழிச்சிடு எபி. சீக்கிரம்.”

அவன் அழுத்தினான். திரையில் ஒரு வரி வந்தது: ‘வேலையை எடுத்துக்கொண்டவர் மட்டுமே இந்த அட்டையை நீக்க முடியும்.’ அந்த விதி இருந்தே ஆகவேண்டும் என்று போன வாரம் அவனோடு சண்டை போட்டு எழுதியவள் சுகிர்தாதான்.

அறைக்கு ஒரே கதவு. காற்று வரட்டும் என்று அதை அகலத் திறந்து வைத்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தார்கள். இப்போது அதுவும் சாத்தியிருந்தது. இழுத்துப் பார் என்று அவன் சொல்லவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை.