நாலு பேப்பர்

"நாலு பேப்பர் ஃபெயில்னு அவங்க முன்னாடி வாயத் தொறந்துடாத" என்றாள் ஜஹீதா, மகளின் முக்காட்டை இழுத்துச் சரிசெய்தபடி. "செகண்ட் இயர் போகப் போறாள்னுதான் சொல்லி வெச்சிருக்கோம்."

அஃப்ரா முக்காட்டின் நுனியை விரலில் சுற்றினாள். முன்னறையில் மாப்பிள்ளை வீட்டார் சிரிக்கும் சத்தம் கேட்டது. கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்த இரண்டாம் மாடி வீட்டில் மொத்தமே இரண்டு அறைகள்; ஓடி ஒளியவும் இடமில்லை.

பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இன்ஜினியரிங்கில் போய் உட்கார்ந்தவள் அவள். முதல் ஆறு மாதம் வகுப்பில் நடத்தியது எதுவும் தலைக்குள் ஏறவில்லை, மூன்று அரியர். அடுத்த ஆறு மாதம் விழுந்து விழுந்து படித்ததில் ஒன்றே ஒன்றுதான் போனது. "இப்பத்தான் அத்தா பிடிபடுது. நவம்பர்ல எல்லாத்தையும் க்ளியர் பண்ணிடுவேன்" என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள்.

அத்தா ஹனீஃபா திட்டியிருந்தாலாவது எதிர்த்துப் பேசியிருப்பாள். பாண்டி பஜாரில் கைப்பைக் கடை வைத்திருக்கும் அந்த மனிதர் மகளிடம் குரலை உயர்த்தியதே இல்லை. "படிப்பு ஏறலன்னா நீ இன்னாம்மா பண்ணுவ? தெனம் அழுதுக்கினு கெடக்குறியே, என்னால பார்க்க முடியல. போதும், வுட்டுரு" என்று தலையைத் தடவிக்கொடுத்தார். அன்பை எதிர்த்து எப்படிச் சண்டை போடுவது?

மாப்பிள்ளை பெயர் ஹம்மாத். அடையாறில் வீடு, வேளச்சேரிப் பக்கம் ஐ.டி. வேலை. இவன் வேண்டாமென்று போனாலும், அடுத்த ஞாயிறு அசோக் நகரிலிருந்து இன்னொரு வீட்டார் வருவதாக இருந்தது.

"ரெண்டு வார்த்த பேசட்டுமே" என்றார் மாப்பிள்ளையின் அம்மா நஸ்ருன்னிசா. கதவைத் திறந்தே வைத்துவிட்டு, உள்ளறையில் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தார்கள்.

அஃப்ரா அம்மா சொன்னதை மீறினாள். "நான் நாலு பேப்பர்ல ஃபெயிலு" என்றாள், வெளியே கேட்காத குரலில். "உங்ககிட்ட மறைச்சிருக்காங்க. எனக்குப் படிக்கணும். படிப்ப நிறுத்தத்தான் இந்தக் கல்யாணமே."

ஹம்மாத் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டே, "உங்க அத்தா கோவக்காரரா?" என்று கேட்டான்.

இவ்வளவு சொல்லியும் மாமனாரின் குணத்தை விசாரிக்கிறானே என்று அவளுக்கு அலுத்துப்போனது. "எம்மேல கோவமே வராது. என்னை யாராச்சும் ஒரு வார்த்த சொன்னாத்தான் வரும்."

"சரி" என்று எழுந்துவிட்டான்.

முன்னறைக்குப் போனவன் உட்காரக்கூட இல்லை. "ம்மா, கெளம்பலாம். நாலு பேப்பர்ல கோட்டை விட்ட பொண்ணாம், மறைச்சிருக்காங்க. மக்குப் பொண்ணெல்லாம் நம்ம வீட்டுக்குச் சரிப்படாது" என்றான், மாடிப்படி வரைக்கும் கேட்கும்படி.

"டேய் ஹம்மாத்!" நஸ்ருன்னிசாவின் கையிலிருந்த டீ தளும்பிச் சேலையில் கொட்டியது.

அஃப்ராவுக்கு உடம்பெல்லாம் கூசியது. நம்பிச் சொன்னதை நடுவீட்டில் போட்டு உடைத்துவிட்டான்.

ஹனீஃபா மெல்ல எழுந்தார். அவர் உதடு துடித்ததை அவள் கதவோரமாக நின்று பார்த்தாள்.

"யாரு தம்பி மக்கு? எம்பொண்ணா? பத்தாவதுல ஸ்கூல்லயே முதலா வந்தவ. இங்கிலீசு புரியாம தடுமாறிட்டா, அவ்ளோதான். நாலு இன்னா, நாப்பது பேப்பர் குடுத்தாலும் எழுதிக் கிழிப்பா!" அவருக்கு மூச்சு வாங்கியது. "மறைச்சது என் தப்பு, மன்னிச்சுக்குங்க. ஆனா எம்பொண்ணச் சொன்னதுக்கு... டீ ஆறுது. குடிச்சிட்டுக் கெளம்புங்க."

அவர்கள் குடிக்காமலே கிளம்பினார்கள். நஸ்ருன்னிசா யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் படியிறங்கினார்.

ஹனீஃபா சற்று நேரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார். "நாளைக்குக் காலேல நானே காலேஜுக்கு வரேன். உன்ன செகண்ட் இயர்ல சேத்துட்டுத்தான் மறுவேல. டிகிரிய வாங்கி அவன் மூஞ்சில காட்டும்மா." மனைவி பக்கம் திரும்பினார். "ஜஹீதா, அசோக் நகர்க்காரங்களுக்கு போன் போட்டு வர வேணாம்னு சொல்லு. இவ படிச்சு முடிக்கிறவரைக்கும் இந்த வீட்டுல எவனாச்சும் கல்யாணப் பேச்சு எடுத்தா தெரியும் சேதி!"

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் அஃப்ராவுக்கு அழுகைதான் வந்தது. அந்த 'மக்கு' நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

பள்ளிவாசலில் அஸர் பாங்கு ஒலித்தது. ஹனீஃபா தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போனார். சமையலறையில் ஜஹீதா போனில் அசோக் நகருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது வாசல் மணி அடித்தது.

ஹம்மாத் மட்டும் தனியாக நின்றிருந்தான். "அம்மா கண்ணாடிய விட்டுட்டாங்க."

சோபாவில் கிடந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து, அவன் முகத்தைப் பார்க்காமலே நீட்டினாள். அவன் வாங்கியதும் கதவைச் சாத்தப் போனாள்.

அவன் அவள் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தான். யாருமில்லை என்றதும் குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"இப்பப் படிக்க விடுவாருல்ல?"