மனப்பூர்வமாக

சார்பதிவாளர் அலுவலக உதவியாளர் அம்மாவின் இடது பெருவிரலில் மை தடவியபோது, பவதாரணி பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். பட்டா மாற்றுவதற்கு என்றுதான் அவளிடம் சொல்லி அழைத்து வந்திருந்தார்கள்.

“அம்மா, வைக்காத. தாத்தா வீட்டுல ஒனக்கு உள்ள பங்க முழுசா மாமாவுக்கு விட்டுக்குடுக்கதா எழுதியிருக்கு.”

மாமா சங்கரபாண்டி சார்பதிவாளரைப் பார்த்துச் சிரித்தார். “பி.ஏ., எல்.எல்.பி. படிக்கா சார். அஞ்சு வருசத்துல ரெண்டுதான் முடிஞ்சிருக்கு. இதுவரைக்கும் பாதி சரித்திரந்தான். சட்டம் இனிமத்தான் வரும்.”

சார்பதிவாளர் சிரிக்கவில்லை. “ஒங்க சம்மதந்தானம்மா?” என்று கேட்டார்.

அம்மா மகள் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள். “எனக்குத் தெரியும் தாயி. ஒன்ன காலேஜ்ல சேத்து ஃபீஸ் கட்டும்போதே அண்ணன் இந்தப் பங்க கேட்டுட்டாரு. மிச்ச மூணு வருசமும் நீ படிக்கணும்லா.”

‘யாருடைய வற்புறுத்தலும் இன்றி, மனப்பூர்வமாக’ என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழேதான் ரேகை வைக்க இடம் விட்டிருந்தது. அம்மாவின் விரல் அந்த இடத்தை நோக்கி இறங்கியது. பவதாரணி எட்டி மணிக்கட்டைப் பிடித்தாள். தாளுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு நெல்மணி அளவு இடைவெளிதான் இருந்தது.

“சீக்கிரம் சொல்லுங்கம்மா, வெளிய ஆளுக நிக்காங்க,” என்றார் சார்பதிவாளர்.

மாமா நாற்காலியை விட்டு எழுந்தார்.

“விடு தாயி,” என்றாள் அம்மா. ஆனால் கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை.