ஐம்பத்து மூன்று கிலோமீற்றர்

காரைநகரிலிருந்து யாழ்ப்பாணம் போய்வர நாற்பது கிலோமீற்றர். மகன் பிரதாபனின் மோட்டார் சைக்கிள் தினமும் அவ்வளவுதான் ஓடும். யாழ்ப்பாணத்திலேயே வேலை செய்யும் மருமகள் நிரோஜினியின் ஸ்கூட்டி மீற்றரில் அன்று ஐம்பத்து மூன்று ஏறியிருந்தது.

"மிச்சப் பதின்மூண்டும் எங்கை, பிள்ளை?" என்று கேட்டேன்.

"உங்கடை மருந்து, மீன்சந்தை, பிள்ளையின்ரை ரியூசன், கரண்ட் பில். உங்கடை மகன் ஒரு இடத்திலையும் நிக்கமாட்டார், மாமா. அதாலை நான் நிக்கிறன்."

எங்கள் வீட்டுப் பெண்கள் கண்ட இடங்களில் நிற்பதில்லை. ஊர் என்ன சொல்லும்? சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டேன்.

மறுநாள் அவள் பஸ்ஸில் போனாள். நான் முற்றத்தில் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டுப் பகல் முழுவதும் இருந்தேன். சாப்பாடும் அங்கேயேதான்.

ஐந்து மணிக்கு மீற்றரைப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று கூடியிருந்தது. சாவி என் மடியில் இருந்தது.

பக்கத்து வீட்டு வல்லிபுரம் வாசல் படலையில் சைக்கிளை நிறுத்தினான்.

"அண்ணை, இண்டைக்கு உங்களை யாழ்ப்பாணம் ரவுணிலை நாலு இடத்திலை கண்டனான். ஸ்கூட்டியிலை மருமகளுக்குப் பின்னாலை, பொம்பிளையள் மாதிரி ஒரு பக்கமாய்க் காலைப் போட்டுக்கொண்டு இருந்தியள். கூப்பிடவும் திரும்பேல்லை."

அவனுக்குப் பதில் சொல்லக் கதிரையிலிருந்து எழப் பார்த்தேன். என் இரண்டு கால்களும் இடப்பக்கமாகச் சேர்ந்து விறைத்திருந்தன.