நீலக் கவர் கிடையாது

"எழுத மாட்டேன் மாமி. நீங்க எத்தனை தடவை கேட்டாலும் எழுத மாட்டேன்."

பிரணவ் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். எதிரே உட்கார்ந்திருந்த சீதாலக்ஷ்மி இன்னும் நிமிர்ந்தாள். வலியசாலையிலிருந்து ஆட்டோ பிடித்துத் தம்பானூர் வரை வந்தவள், வெறுங்கையோடு திரும்புவதாக இல்லை. பக்கத்தில் அவள் கணவர் சாம்பசிவன், மூக்கைத் துண்டால் பொத்தியபடி இருந்தார்.

"ரெண்டு நாளா இவருக்கு ஜுரம், ஜலதோஷம், தொண்டைவலி. நீங்க என்னடான்னா பாராசிட்டமாலும் கஞ்சியும்கறேள். அதைச் சொல்ல டாக்டர் எதுக்கு? நானே சொல்லுவேனே!"

"இது வைரஸ். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். இதுக்கு அதைக் கொடுக்கறது, கொசுவுக்கு எலிப்பொறி வைக்கிற மாதிரி."

"போன மாசம் இதே மாதிரி வந்தப்போ எதிர்த்த கிளினிக்ல கேக்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டார். நீலக் கவர்ல போட்டுத் தந்தா."

ஆன்டிபயாடிக் மாத்திரைகளை நீலக் கவரில் போட்டுக் கொடுப்பது இப்போது ஊரில் வழக்கம். ஜாக்கிரதையாகச் சாப்பிடு என்று எச்சரிக்க வந்த கவர் அது. சீதாலக்ஷ்மிக்கோ, நிஜ மருந்து என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

"அதைச் சாப்பிட்டு என்ன ஆச்சு?"

"நாலஞ்சு நாள்ல சரியாப் போச்சு."

"சாப்பிடாம இருந்தாலும் நாலஞ்சு நாள்ல சரியாப் போயிருக்கும். வேற ஒண்ணும் ஆகலையா?"

"வயிறு போயிடுத்து," என்றார் சாம்பசிவன் துண்டுக்குள்ளிருந்து.

"நீங்க சித்த சும்மா இருங்கோ."

கதவைத் தள்ளிக்கொண்டு தாணுலிங்கம் வந்தார். கிளினிக்கும் அவருடையது, அதை ஒட்டிய மருந்துக்கடையும் அவருடையது. பழைய டாக்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட அவசரத்தில் பிரணவைக் கூப்பிட்டு உட்கார வைத்தவர் அவர்தான்.

"டாக்டரே, ஒரு நிமிஷம்." அவனை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். "நீங்க வந்ததுக்குப் பொறவு ஒரு நீலக் கவர் வெளிய போகல்ல, கேட்டியளா?"

"தேவைப்பட்டவங்க வரலை அண்ணாச்சி."

"அப்ப மத்த டாக்டர்மாரெல்லாம் ஒண்ணும் தெரியாத மண்டன்மாரா? இது வைரஸுன்னு ஒரு ஆளுக்கு வெளங்க வைக்கப் பத்து நிமிஷம் வேணும். எழுதிக் குடுக்க அரை நிமிஷம். வெளிய ஆளு காத்துக் கெடக்கு. நாளைக்கே சளி நெஞ்சுல எறங்கி நிமோனியா ஆச்சுன்னா, 'ஏன் எழுதல்ல'ன்னு அடியும் தல்லும்தான் கிட்டும். எழுதின டாக்டர ஒருத்தனும் தல்லினது இல்ல."

"அவங்க பயந்து எழுதறாங்க. எனக்குப் பயம் இல்லை."

தாணுலிங்கத்தின் முகம் கறுத்தது. "செரி. ஒண்ணு, அந்த அம்மாவுக்கு இப்ப எழுதிக் குடுங்க. இல்லேன்னா நாளைக்கு வரண்டாம்."

தம்பானூர் லாட்ஜில் கிடப்பவனுக்கு அந்த நாற்காலியை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. வேலை போனால் அறையும் போகும். ஆனாலும் பிரணவ் பேனாவை எடுக்கவில்லை. மேஜைக்குத் திரும்பி, வெளியே காத்திருப்பவர்களுக்கும் கேட்கும்படி பேசினான்.

"மாமி, உங்களுக்கு எழுதலேன்னா என்னை வேலையை விட்டு அனுப்பிடுவாராம். அனுப்பட்டும். இன்னைக்குத் தேவையில்லாம தின்னா, என்னைக்காவது நிஜமாத் தேவைப்படறப்போ அந்த மருந்து மாமாவைக் கைவிட்டுடலாம். மூச்சு வாங்கினாலோ, ஜுரம் விடாம அடிச்சாலோ, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் கஞ்சிதான். நீலக் கவர் கிடையாது."

சீதாலக்ஷ்மி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மூஞ்சிக்கு நேரா கிடையாதுன்னு சொன்ன முதல் டாக்டர் நீங்கதான்," என்றாள். பிறகு தாணுலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "ஏன் சார், இவரை அனுப்பிடுவேளா? அனுப்பிப் பாருங்கோ. மாத்திரை விக்கறதுக்குத்தான் கிளினிக் நடத்தறேள்னு வலியசாலை பூராச் சொல்றேன். இவர் இங்க இருந்தார்னா, மொத்தத் தெருவையும் இங்கயே அனுப்பறேன்."

"எனக்குக் கஞ்சி போறும்," என்றார் சாம்பசிவன்.

தாணுலிங்கம் வியாபாரி. மொத்தத் தெரு என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே கணக்கு மாறிவிட்டது.

"நான் சும்மா டாக்டரப் பரீட்சிச்சதாக்கும் மாமி!" என்று சிரித்து, இருவரையும் வாசல் வரை கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து பிரணவின் தோளில் தட்டினார்.

"ஜெயிச்சிட்டிய டாக்டரே! வாசல்ல பெரிய போர்டு வச்சிருவோம். 'இங்கே தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் எழுதப்பட மாட்டாது.' அடியில உங்க பேரு. போர்டு எழுதுதவன் லைன்ல இருக்கான்." செல்போனை நீட்டினார். "பேருக்குக் கீழ போடணும், உங்க டாக்டர் ரெஜிஸ்டர் நம்பரச் சொல்லுங்க."

"சர்டிபிகேட் ரூம்ல இருக்கு அண்ணாச்சி. எடுத்துட்டு வந்துடறேன்."

பிரணவ் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினான். லாட்ஜ் வாசலில் நிற்கவில்லை. நேரே பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து, நகரத் தொடங்கியிருந்த நாகர்கோவில் பஸ்ஸில் தொற்றிக்கொண்டான். மூன்றாம் வருஷத்தோடு மெடிக்கல் காலேஜை விட்டு வந்தவனுக்கு அந்த நம்பர் எந்த அறையிலும் இல்லை. நம்பர் இல்லாத மருந்துச்சீட்டுக்கு எந்தக் கடையிலும் பாராசிட்டமால் கிடைக்கும், ஆன்டிபயாடிக் கிடைக்காது.